டார்பிஷயரில் மாமா வீடும் நான்கு மாளிகைகளும்: யாராவது போயிருக்கிறீர்களா?

வைகைக்கரை | ஞாயிறு, மாலை 6:12

போன ஜூன் மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தேன். லண்டனைப் பற்றி இந்த மன்றத்தில் இழை இழையாகக் கிடக்கிறது. கிராமப்புறம் பற்றித் தேடினால் ஒன்றுமில்லை. ஒரு வருடம் யோசித்துவிட்டு நானே ஆரம்பிக்கிறேன்.

யார் வீடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் மாமாவும் மதுரையில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ரத்த உறவு கிடையாது, ஆனால் பிறந்ததிலிருந்து மாமா என்றே கூப்பிட்டுப் பழக்கம். அவர் 1972இல் மருத்துவராக அங்கே போனார். நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில் முப்பது வருடம் குடும்ப மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மேட்லாக் பக்கம் ஒரு சின்னக் கிராமத்தில் அத்தையோடு இருக்கிறார். கல் வீடு. பின்வேலியைத் தாண்டினால் ஆடு மேயும் புல்வெளி. "நாற்பது வருடமாக வா வா என்கிறேன், என் கருமாதிக்குத்தான் வருவாயா?" என்று அப்பாவிடம் தொலைபேசியில் அவர் சத்தம் போட்ட மறுநாள் டிக்கெட் எடுத்தோம்.

நான் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஏழு நாளில் ஒன்பது மாளிகை, நேரம் உட்பட. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை முழுவதும் படித்தார். பிறகு நாலாக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "முதலில் தூங்குங்கள்" என்றார். அதோடு சரி. கடைசியில் பார்த்தது சாட்ஸ்வொர்த், ஹேடன், ஹார்ட்விக், கெடில்ஸ்டன் ஆகிய நான்குதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடுவில் தூக்கம், நடை, கேரம், பழங்கதை.

சாட்ஸ்வொர்த் பற்றி மட்டும் இப்போது சொல்கிறேன். டெவன்ஷயர் டியூக்குகளான கேவண்டிஷ் குடும்பத்தின் வீடு. 1549இல் 600 பவுண்டுக்கு வாங்கிய இடம். முதலாம் டியூக் 1687இல் ஆரம்பித்து இருபது வருடம் இடித்து இடித்துக் கட்டியிருக்கிறார். உள்ளே நுழைந்ததும் சுவரும் கூரையும் முழுக்க ஜூலியஸ் சீசர் கதை வண்ணத்தில். கழுத்து வலிக்கும்.

எங்களை நிறுத்தியது ஒரு கதவு. இசையறையின் உள்கதவு சற்றே திறந்திருக்கிறது, அதற்குப் பின்னால் இன்னொரு கதவில் ஒரு வயலினும் வில்லும் தொங்குகின்றன. அம்மா சின்ன வயதில் வயலின் கற்றவர். "வில்லை இப்படி முறுக்கோடு தொங்கவிட்டால் வளைந்துபோகாதா, கேள்" என்று என்னை இடித்தார். அங்கே நின்ற முதியவரிடம் கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது. வயலினும் இல்லை, வில்லும் இல்லை. 1723 வாக்கில் யான் வான் டெர் வார்ட் என்ற ஓவியர் தீட்டியது, நிழலோடு சேர்த்து. அம்மா இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார். அவர் இன்னும் முழுதாக நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு வேறொன்று. தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் வாழை நிற்கிறது. 1830 வாக்கில் மொரீசியஸிலிருந்து வந்த கன்றைத் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அங்கே வளர்த்து, 1835இல் குலை தள்ளவைத்தார். குடும்பப் பெயரையே வைத்தார்கள், கேவண்டிஷ். நம் ஊர்ப் பச்சைப்பழமும் ஜி-9 வாழையும் அந்த வகைதான். சோழவந்தானில் இரண்டு ஏக்கர் வாழை வைத்திருந்தவர் அப்பா. "பக்கக்கன்றை எடுக்காமல் விட்டிருக்கிறார்களே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மற்றதை யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

---

லெஸ்டர்வாசி | ஞாயிறு, இரவு 8:40

நான் ஒரு மணி நேரத் தூரத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. கார் இல்லாமல் முடியுமா? டிக்கெட் விலையைப் பார்த்தாலே பிள்ளைகளோடு போக மனம் வரவில்லை, என்ன செய்தீர்கள்?

---

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 10:05

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து டார்பிக்கு ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். டார்பியிலிருந்து மேட்லாக்குக்கு டெர்வென்ட் ஆற்றை ஒட்டியே ஒரு சின்ன ரயில் போகிறது, அதுவே பார்க்க அழகு. அங்கிருந்து, சாட்ஸ்வொர்த்துக்கும் ஹேடனுக்கும் பக்கத்து ஊரான பேக்வெல்லுக்குப் பஸ். ஹார்ட்விக்குக்கும் கெடில்ஸ்டனுக்கும் கார் இல்லாவிட்டால் சிரமம். மாமாதான் ஓட்டினார். எண்பதை நெருங்குகிறவர், அந்த ஒற்றைத்தடச் சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தால் கண் இமைக்காமல் நூறு அடி பின்னால் எடுக்கிறார். பின்சீட்டில் அம்மா கந்த சஷ்டி கவசம்.

ஹார்ட்விக், கெடில்ஸ்டன் இரண்டும் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் இருக்கின்றன. வருடச் சந்தா கட்டினால் தனியாக டிக்கெட் இல்லை. அங்கேயே வாழ்கிற உங்களுக்கு அது நிச்சயம் கட்டுப்படியாகும். சாட்ஸ்வொர்த்தும் ஹேடனும் அதில் வராது, தனி டிக்கெட்.

இன்னொன்று. கிளம்பும் முன் அன்றைக்கு வீடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் திறந்திருக்கும், வீடு மூடியிருக்கும். நான் பார்க்காமல் ஒரு நாள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அந்த ஒரு நாள்தான் மாமா என்னைத் திட்டினார்.

---

பெட்டிக்கடை | திங்கள், காலை 7:20

எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. கெடில்ஸ்டன் கர்சன் பிரபுவின் வீடுதானே? வங்கத்தை இரண்டாக வெட்டிய கர்சன். நம்மிடமிருந்து அள்ளிக்கொண்டு போனதை நாமே டிக்கெட் வாங்கிப் பார்த்து, "ஆகா, என்ன வேலைப்பாடு" என்று வியந்து, கூடவே ஸ்கோன் என்கிற அவர்கள் ஊர் ரொட்டியும் தின்றுவிட்டு வருவது எனக்கு ஓய்வாகப் படவில்லை. கொள்ளை போன வீட்டுக்காரன் திருடன் வீட்டுக்கு விருந்து போன கதை.

---

வைகைக்கரை | திங்கள், இரவு 9:15

பெட்டிக்கடை, கோபம் நியாயம். அந்த வீட்டுக்குள் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

கெடில்ஸ்டனில் முதலில் பளிங்கு மண்டபம். இருபது தூண்கள், இளஞ்சிவப்பு ரேகை ஓடும் அலபாஸ்டர் கல். வெளிச்சம் மேலே கூரையிலிருந்து விழுகிறது. அதற்கடுத்த வட்ட அறைக்கு மேலே குவிமாடம், 62 அடி. ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் 1760களில் செய்த வேலை. அப்பா ஒரு தூணைத் தொடப் போனார், காவலுக்கு நின்ற அம்மையார் புன்னகையோடு தலையாட்டினார். உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கீழ்த்தளத்தில்தான் நீங்கள் சொல்கிற பொருள்கள் இருக்கும் கிழக்கு அருங்காட்சியகம். கர்சன் வைஸ்ராயாக இருந்தபோது சேர்த்தவை, பரிசாக வந்தவை. தந்தம், வெள்ளி, வாள், பெட்டி. அங்கே ஒரு கண்ணாடிப் பேழைக்குள், மங்கிய வெளிச்சத்தில், அவர் மனைவி மேரி 1903 டெல்லி தர்பாரில் அணிந்த மயில் உடுப்பு. துணியே தெரியாத அளவுக்கு ஜரிகை. மயிலிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் உடல் முழுக்க. ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாக ஒன்று மின்னுகிறது. நான் மரகதம் என்று நினைத்தேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பொன்வண்டு இறக்கை" என்றார். சரியாகச் சொன்னார். வண்டின் முதுகு ஓடுதான். அம்மாவின் பாட்டி ரவிக்கையில் அப்படி வைத்துத் தைப்பாராம்.

டெல்லிக் கைவினைஞர்கள் தைத்தது, பாரிஸில் உடுப்பாக வெட்டிச் சேர்த்தது. ஏறத்தாழ நாலரை கிலோ. அணிந்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். தைத்தவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா அந்தக் கண்ணாடி முன் நின்று, "எத்தனை பேருக்குக் கண் போயிருக்கும்" என்றார்.

அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நாங்கள் ஸ்கோன் தின்றது உண்மை. பசித்தது.

---

ஏட்டுச்சுவடி | திங்கள், இரவு 11:30

கொஞ்சம் வரலாற்றைச் சரிசெய்துவிட்டுப் போகிறேன், மன்னிக்கவும், என் பழக்கம்.

கெடில்ஸ்டனைக் கட்டியது கர்சன் பிரபுவின் முன்னோர், அவர் பிறப்பதற்கு நூறு வருடம் முன்னால். அந்தக் கட்டடமே இந்தியப் பணம் என்று சொல்லிவிட முடியாது. போக்குவரத்து எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. கல்கத்தாவில் 1803இல் கட்டி முடித்த ஆளுநர் மாளிகை, பின்னாளில் ராஜ்பவன் எனப்பட்டது, கெடில்ஸ்டன் வரைபடத்தைப் பின்பற்றியது. கெடில்ஸ்டனில் நான்கு பக்கச் சிறகுகள் திட்டமிட்டு இரண்டோடு நின்றுவிட்டது. கல்கத்தாவில் நான்கையும் கட்டினார்கள். கர்சன் 1859இல் அசலில் பிறந்து, 1899இல் நகலில் குடியேறினார். 1904இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவரும் அவர், 1905இல் வங்கத்தைப் பிரித்தவரும் அவர்.

பெட்டிக்கடைக்கு உண்மையான கோபம் வேண்டுமென்றால் வேல்ஸ் எல்லையில் போயிஸ் கோட்டைக்குப் போகவேண்டும். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் அந்தக் குடும்பத்தில் மணமுடித்தவர். திப்புவின் சிம்மாசனத்துப் புலித்தலை ஒன்றும், பூவேலைப்பாடு அச்சடித்த பருத்திக் கூடாரமும் அங்கே இருக்கின்றன. இந்த எட்வர்ட் யார் தெரியுமா? 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது, திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது, மூன்றும் இவர் சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்தபோது. நம் பாடப்புத்தகத்தில் மேஜர் பானர்மேன் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது.

நேஷனல் டிரஸ்ட் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், தன்னிடமுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடோ அடிமை வணிகத்தோடோ தொடர்பு உண்டு என்று தானே எழுதியது. அதற்கு அங்கே எழுந்த கூச்சல் சாதாரணமானதில்லை.

வாழை விஷயத்திலும் ஒன்று. உலகத்துக் கேவண்டிஷ் வாழை எல்லாம் சாட்ஸ்வொர்த் கன்றின் வாரிசு என்று சிலர் எழுதுகிறார்கள். வைகை அப்படிச் சொல்லவில்லை, நல்லது. அந்த வகை தென்சீனத்திலிருந்து மொரீசியஸ் போய் அங்கிருந்து வந்தது. சாட்ஸ்வொர்த் கொடுத்தது பெயர். நம் ஊரில் மோரிஸ் என்று ஒரு பழம் இருக்கிறதே, அதில் மொரீசியஸ் ஒலிக்கிறதா என்று சொல்லிப் பாருங்கள்.

---

பெட்டிக்கடை | செவ்வாய், காலை 6:55

கிளைவ் மகன் சென்னை ஆளுநர் என்பது எனக்குப் புதிது. நன்றி. அம்மா சொன்ன "எத்தனை பேருக்குக் கண் போயிருக்கும்" என்பதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கோன் விஷயத்தில் மன்னித்தேன்.

---

காரைவீடு | செவ்வாய், பிற்பகல் 1:10

எனக்கு வேறு கேள்வி. இவ்வளவு பெரிய வீடுகளுக்கு யார் ஒட்டடை அடிக்கிறார்கள்? எங்கள் பக்கத்துப் பெரிய வீட்டில் பங்காளிகள் நாற்பது பேர். ஓடு மாற்றவேண்டுமென்றால் நாற்பது கையெழுத்து. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பேசமாட்டார், ஒருவர் எங்கே என்றே தெரியாது. மழை வந்தால் வளவு முழுக்கக் குளம். போன வருடம் தேக்குக் கதவொன்று விலை போய்விட்டது.

---

ஏட்டுச்சுவடி | செவ்வாய், மாலை 4:45

அங்கே மூத்த மகனுக்கே முழுவதும் போகும், அதனால் பங்காளிச் சண்டை குறைவு. ஆனால் சாவு வரி என்று ஒன்று வந்தது. சாட்ஸ்வொர்த்தின் பத்தாம் டியூக் தன் சொத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். எழுதிவைத்து ஐந்து வருடம் உயிரோடு இருந்தால் வரி இல்லை. 1950இல் அந்தக் கெடுவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இறந்துவிட்டார். எண்பது சதவீத வரி. நிலம் விற்று, ஓவியங்களைக் கொடுத்து, ஹார்ட்விக் மாளிகையையே 1956இல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கிருந்து 1959இல் நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. அப்படிப் பிழைத்தவை இவை. பிழைக்காமல் இடிபட்டவை இருபதாம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில்.

---

காரைவீடு | செவ்வாய், மாலை 5:02

சில வாரங்களா! எங்கள் ஊரில் என்றால் ஜோசியரை அடித்தே கொன்றிருப்பார்கள்.

---

நெல்லிக்காய் | செவ்வாய், இரவு 8:30

மாளிகை இருக்கட்டும். ஒரு வாரம் மூன்று பேர் இன்னொருவர் வீட்டில், அதுவும் வயதானவர்கள் வீட்டில் தங்குவது அவர்களுக்குப் பாரமில்லையா? எங்களுக்கும் பர்மிங்காம் பக்கம் இப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. வா வா என்கிறார்கள். வாய்க்காகச் சொல்கிறார்களா, மனதாரச் சொல்கிறார்களா என்று தெரியாமல் மூன்று வருடமாகத் தள்ளிப்போடுகிறேன்.

---

வைகைக்கரை | செவ்வாய், இரவு 10:20

அக்கா, இதுதான் நான் எழுத நினைத்து எழுதாமல் விட்டது.

முதல் இரண்டு நாள் அத்தை எங்களை விருந்தாளியாக நடத்தினார். காலையில் மூன்று வகைப் பலகாரம், துணி மடித்துக் கட்டில்மேல். எங்களுக்கும் சங்கடம், அவருக்கும் முதுகுவலி. மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மா கேட்காமலே சமையலறைக்குள் போய்ப் பொங்கலுக்கு மிளகு உடைத்துக்கொண்டிருந்தார். அத்தை வாசலில் நின்று பார்த்தார். நான் பயந்தேன். ஒரு நிமிடம் கழித்து, "முந்திரி மேல் அலமாரியில்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். எட்டரை மணிவரை தூங்கினார். அன்றிலிருந்து வீடு எல்லோருடையதாகிவிட்டது. காலைச் சமையல் அம்மா, பாத்திரம் நான், இரவு உணவு மாமாவும் அப்பாவும் சண்டை போட்டுக்கொண்டு.

போகிறவர்களுக்கு ஒன்று: பால்கோவா, நெய், பால் பொருள் எதுவும் கொண்டுபோகாதீர்கள். நம் நாட்டிலிருந்து அனுமதி இல்லை, பிடுங்கிவிடுவார்கள். கறிவேப்பிலைக் கொத்தையும் பெட்டியில் வைக்காதீர்கள். நாங்கள் கொண்டுபோனது அப்பளம், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல். மாமா வற்றல் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்துவிட்டு, எங்கேயோ பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாய்க்காகவா மனதாரவா என்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், கிளம்பும் முன் அத்தை என்னிடம் தொலைபேசியில் கேட்டது, "உன் அப்பா இன்னும் ராத்திரி மோர்தான் குடிக்கிறானா?" அப்படி ஏதாவது கேட்கிறார்களா பாருங்கள். கேட்டால் போகலாம்.

---

விரைவுரயில் | புதன், காலை 9:00

எதிர்க்கருத்து சொல்ல அனுமதி உண்டா? விமான டிக்கெட், விசாக் கட்டணம் எல்லாம் கட்டிவிட்டு ஏழு நாளில் நான்கே இடமா? நான் போனபோது ஐந்து நாளில் பதினொரு மாளிகை பார்த்தேன். புகைப்படம் இரண்டாயிரம். மறுபடி எப்போது போகப்போகிறோம்?

---

வைகைக்கரை | புதன், இரவு 9:40

அனுமதி தாராளமாக உண்டு. நீங்கள் பார்த்த பதினொன்றில் எந்த வீட்டுப் படுக்கையறை எது என்று இப்போது நினைவிருக்கிறதா? சண்டைக்குக் கேட்கவில்லை. என் முதல் பட்டியலும் உங்களுடையது மாதிரிதான். இரண்டு வீடு அடுத்தடுத்து முடித்தால் தங்க முலாம் பூசிய நாற்காலி எல்லாம் ஒரே நாற்காலியாகிவிடும் என்பது என் அச்சம்.

அதற்கு ஹேடன் நல்ல மருந்து. அங்கே பளபளப்பே இல்லை. உரிமையாளர் குடும்பம் 1700 வாக்கில் வேறு பெரிய வீட்டுக்குக் குடிபோய்விட, இருநூறு வருடம் பூட்டியே கிடந்தது. யாரும் இடித்துப் புதுப்பிக்கவில்லை, அதனால் இடைக்காலத்து வீடு அப்படியே தப்பிவிட்டது. 1920களில்தான் திருத்திக் குடியேறினார்கள். வாசற்படிக் கல் ஆட்டுக்கல் குழிபோலத் தேய்ந்திருக்கிறது. நீண்ட கூடத்தின் சாளரக் கண்ணாடிகள் தட்டையாக இல்லாமல் முன்னும் பின்னும் புடைத்து நிற்கின்றன. மாலை வெளிச்சம் தரையில் தண்ணீர்போல அசைகிறது. விருந்துக்கூடத்து மரத்தடுப்பில் ஒரு இரும்பு வளையம். குடிக்க மறுப்பவன் கையை அதில் மாட்டி, மதுவைச் சட்டைக்கைக்குள் ஊற்றுவார்களாம். மாமா தன் மணிக்கட்டை அதன் பக்கத்தில் வைத்து, "1972இல் என்னையும் இப்படித்தான் மிரட்டினார்கள், நான் பால் கேட்டேன்" என்றார்.

---

செஃபீல்டுக்காரி | வியாழன், காலை 8:15

பக்கத்து ஊர்க்காரி என்ற உரிமையில் நுழைகிறேன். பேக்வெல்லில் பேக்வெல் டார்ட் என்று கேட்காதீர்கள், ஊர்க்காரர்கள் முகம் சுருங்கும். அங்கே அது பேக்வெல் புட்டிங். அடுக்கு மாவு, ஜாம், மேலே முட்டையும் பாதாமும். சமையற்காரர் தவறுதலாகச் செய்ததில் பிறந்தது என்று கதை. நாங்கள்தான் அசல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் சொல்கின்றன, திருநெல்வேலி அல்வாபோல.

ஜூனில் போனவர்கள் கிணற்று அலங்காரம் பார்த்தீர்களா? அதை விட்டிருந்தால் பாதி டார்பிஷயரை விட்டுவிட்டீர்கள்.

---

வைகைக்கரை | வியாழன், இரவு 8:50

பார்த்தோம்! அதுவும் வெளியே நின்று பார்க்கவில்லை. அத்தை வருடாவருடம் அந்தக் குழுவில் இருக்கிறார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்.

தெரியாதவர்களுக்கு: ஊர்க் கிணறு, ஊற்று இருக்கும் இடத்தில் பெரிய மரப்பலகை நிறுத்துகிறார்கள். பலகையை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, ஈரக் களிமண் பூசி, படத்தின் கோட்டை ஊசியால் குத்தி இறக்கி, கோட்டின்மேல் சின்னச் சின்னக் காய்களையும் விதைகளையும் பதிக்கிறார்கள். பிறகு உள்ளே பூவிதழ். ஒவ்வோர் இதழாக, கட்டைவிரலால் அழுத்தி. கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்து, மேல் இதழ் கீழ் இதழின்மேல் படியவேண்டும், ஓடு வேய்வதுபோல. அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். ஒரு வாரத்தில் வாடிவிடும், கலைத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் பத்து வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்த பாட்டிக்குத் தமிழ் பூஜ்யம். நீல ஹைட்ரேஞ்சா இதழைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருவரும் ஒரு வானத்தை நிரப்பினார்கள். மார்கழியில் நாற்பது வருடம் கோலம் போட்ட விரல். அந்தப் பாட்டி நடுவில் அம்மாவின் வரிசையைப் பார்த்துவிட்டுத் தன் வரிசையைப் பிரித்து மறுபடி வைத்தார். இதைச் சொல்லும்போது அம்மாவுக்கு வரும் கர்வம் இருக்கிறதே, சாட்ஸ்வொர்த் டியூக்குக்கே வராது.

---

லெஸ்டர்வாசி | வியாழன், இரவு 10:30

ஹார்ட்விக் பற்றி நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. அதுதான் எனக்குக் கிட்டே.

---

வைகைக்கரை | வெள்ளி, இரவு 9:30

ஹார்ட்விக்கைக் கடைசிக்கு வைத்தது மாமாவுக்காக.

கட்டியவர் பெஸ் என்கிற எலிசபெத். சாதாரண நிலக்கிழார் வீட்டில் பிறந்து, நான்கு முறை மணந்து, நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபு 1590இல் இறந்த சமயத்தில் கட்ட ஆரம்பித்து 1597இல் குடியேறினார். வயது எழுபதை ஒட்டி. சுவரைவிடச் சாளரம் அதிகம் என்று அந்த ஊரில் ஒரு எதுகைப் பழமொழியே உண்டு. கண்ணாடி அன்று விலை உயர்ந்த சரக்கு. அதை ஆறு கோபுரத்திலும் அடுக்கி, உச்சியில் தன் பெயரின் இரண்டு எழுத்தைக் கல்லில் வெட்டி வானத்துக்குக் காட்டியிருக்கிறார். மேல்மாடிக்குப் போகப்போகக் கூரை உயர்கிறது. கீழே வேலைக்காரர், நடுவில் குடும்பம், மேலே ராணி வந்தால் என்று ஒரு பெருங்கூடம். ராணி வரவே இல்லை. தரையில் கோரைப்பாய் விரித்திருக்கிறார்கள். நம் பத்தமடைக்கு முன்னால் சற்று முரடு, ஆனால் வாசனை அதே வாசனை.

மாமா வீட்டைப் பார்க்கவில்லை. மேல்மாடியின் மேற்கு ஜன்னலோரமாக நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எம்-1 நெடுஞ்சாலை ஓடுகிறது, சத்தம் கேட்காது, லாரிகள் எறும்புபோல. அதற்கும் அப்பால் அவர் வேலை பார்த்த ஊர். "அந்த மேடு தெரிகிறதே, புல் முளைத்த மேடு, அது மேடு இல்லை. சுரங்கக் கழிவு" என்றார். இந்தச் சீமையின் பணம் ஈயமும் நிலக்கரியும். அதை வெட்டியவர்கள் அவரிடம் இருமிக்கொண்டு வந்தார்கள். முதல் வாரம் ஒரு தொழிலாளி உள்ளே வந்து "ஏ அப், மி டக்" என்றாராம். வாத்து என்று தன்னை ஏன் திட்டுகிறார் என்று மாமாவுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லி வருந்தியிருக்கிறார். நம் ஊர் "ராசா" மாதிரி அது என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று. 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வருடம் நீண்டது. அப்போது வீட்டு வாசலில் யாரோ முட்டைக்கோஸ் வைத்துவிட்டுப் போவார்களாம், கையில் காசில்லாத நோயாளிகள். மருத்துவரைப் பார்ப்பது அங்கே இலவசம்தான். ஆனாலும் வைத்துவிட்டுப் போவார்களாம்.

அப்பா அன்றைக்கு மாளிகையில் ஒரு அறையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்த ஜன்னலோரமாகவே நின்றார்கள். நான் திரும்பி வந்தபோதும் அங்கேயே.

---

விரைவுரயில் | சனி, காலை 10:10

படுக்கையறைக் கேள்விக்குப் பதில்: நினைவில்லை. புகைப்படத்தைப் பார்த்தும் எது எந்த வீடு என்று சொல்ல முடியவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான்கு குறைவு. ஆறாக வைத்துக்கொள்வோம்.

---

நெல்லிக்காய் | சனி, பிற்பகல் 3:25

பர்மிங்காம் அம்மாவுக்குத் தொலைபேசினேன். எடுத்ததும் "உன் பெரியவளுக்குக் காதுகுத்து நடந்ததா, படமே அனுப்பவில்லையே" என்றார். செப்டம்பருக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வற்றல் எத்தனை கிலோ கொண்டுபோகலாம்?

---

லெஸ்டர்வாசி | ஞாயிறு, இரவு 7:45

இன்று ஹார்ட்விக் போய்வந்தோம். சந்தா கட்டிவிட்டேன். மழை, ஆனால் உள்ளே அந்தச் சாளரங்களால் விளக்கே தேவைப்படவில்லை. குளிரத்தான் செய்தது, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் அவசியம்.

சின்னவன் கோபுர உச்சி எழுத்துகளை எண்ண ஆரம்பித்து, நான்கு பக்கமும் சுற்றி ஓடி, பாதியில் களைத்துவிட்டான். "அப்பா, அந்தப் பாட்டிக்குத் தன் பெயர் அடிக்கடி மறந்துபோகுமா?" என்றான். நான் பதில் சொல்லவில்லை, பெரியவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னலோரம் போய் நின்று பார்த்தேன். மேடு தெரிந்தது. செஃபீல்டுக்காரி, அடுத்த சனிக்கிழமை எந்த ஊரில் கிணற்று அலங்காரம் என்று சொல்ல முடியுமா?